படலையிலிருந்து வாய்க்கால் மதகு வரை: நாளாந்த நடை பற்றி ஒரு பதில்

சகோதரி, நீங்கள் எழுதியதை நான் இவ்வாறு விளங்கிக்கொள்கிறேன். கிளிநொச்சிக்கு அண்மையில், இரணைமடுத் தண்ணீர் பாயும் வாய்க்கால் வீதியில் ஏறும் ஓர் ஒழுங்கையில் வசிக்கிறீர்கள். வயது 50ஐக் கடந்துவிட்டது. சீனியும் பிறசரும் இருப்பதாகக் கிளினிக்கில் சொல்லி, நாளுக்கு அரைமணி நேரம் நடக்கும்படி கூறியிருக்கிறார்கள். மூன்று தடவை தொடங்கியும் ஒவ்வொரு தடவையும் இரண்டு கிழமைக்குள் விட்டுவிட்டீர்கள். வெளிநாட்டிலுள்ள மகன் காலடி எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை அனுப்பி, நாளுக்கு 10,000 அடி கட்டாயம் என்கிறார். வீட்டுக்குள்ளேயே நடக்க ட்ரெட்மில் வாங்கித் தரவும் ஆயத்தமாக இருக்கிறார். வளவுக்குள் நடந்தால் போதாதா, வீட்டு வேலை கணக்கில் வராதா, முழங்கால் நோவோடு நடக்கலாமா, நாய்களுக்கு என்ன செய்வது, வீதியில் காண்பவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ஒரே ஒழுங்கையில், ஒரே வேலியைப் பார்த்துக்கொண்டு நடப்பதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் மெய்யான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நடை நல்லது என்பது உங்களுக்குத் தெரியும். அலுக்காமல் அதைத் தொடர முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

வன்னியில் அரச வைத்தியசாலைகளில் பல ஆண்டுகளாக இயன்மருத்துவராகப் பணியாற்றி வருகிறேன். நடக்க முடியாமற் போனவர்களை மீண்டும் நடக்க வைப்பதும், நடக்கக் கூடியவர்களை நிறுத்தாமல் நடக்க வைப்பதும் என் தொழில், இரண்டாவதுதான் கடினமானது. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வைத்தியரின் பொறுப்பு, அதில் நான் தலையிடுவதில்லை. கீழே சொல்பவற்றில் ஆய்வுகளால் உறுதிப்பட்டவை எவை, இன்னும் உறுதிப்படாதவை எவை, என் அனுபவத்தில் மட்டும் கண்டவை எவை என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும். உங்களுக்குச் சொல்லப்பட்ட அரைமணி நேரம், கிழமைக்கு 5 நாள் என்ற கணக்கில் இதிலிருந்துதான் வருகிறது. முன்னைய வழிகாட்டலில், குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து நடந்தால்தான் அது கணக்கில் சேரும் என்றிருந்தது. 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆகவே காலையில் கொஞ்சம், மத்தியானச் சாப்பாட்டின் பின் கொஞ்சம், பொழுதுபடுவதற்கு முன் கொஞ்சம் என்று பிரித்து நடந்தாலும் பயன் உண்டு. மிதமான வேகம் என்பதை அறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை: நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. பெரும்பாலானவர்களுக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி என்ற வேகமாக அமையும். வீட்டு வேலையும் உடலியக்கமே. கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் முற்றம் கூட்டுவதும் வீண் போவதில்லை. ஆயினும் அந்த வேலைகளில் பெரும்பாலானவை விட்டுவிட்டு நடப்பவை என்பதால், மூச்சு அந்த அளவுக்குச் சீராக உயர்வதில்லை. நாள் முழுக்க வயலில் நின்று வேலை செய்கிறவருக்கு நான் தனியாக நடை சொல்வதில்லை, உங்களுக்குச் சொல்வேன்.

சீனி உள்ளவருக்கு நடை ஏன் உதவுகிறது என்பதும் தெளிவாகவே அறியப்பட்டிருக்கிறது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவியை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில் இது பெரிய வாய்ப்பு. சாப்பிட்டபின் ஏறும் சீனியை, அந்த நேரத்தில் நடக்கும் ஒரு சிறு நடை கூடக் குறைக்கிறது. ஆகவே இரவுச் சோற்றின் பின் முற்றத்தில் 10 நிமிடம் உலாவுவதை அற்பமாக நினைக்க வேண்டாம். இரத்த அழுத்தமும் ஒழுங்கான நடையால் ஓரளவு இறங்குகிறது, ஆனால் மருந்தைத் தூக்கி எறியும் அளவுக்கு அல்ல. இதயத்தைப் பற்றிய பழைய சான்று ஒன்று எனக்குப் பிடித்தமானது. ஜெரெமி மொரிஸ் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டு 1953இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: நாள் முழுக்க இருந்தபடி ஓட்டிய சாரதிகளை விட, படிகளில் ஏறி இறங்கி ரிக்கற் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. மொரிஸ் அத்தோடு நிற்கவில்லை. அவர்களுடைய சீருடைகளின் அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, சாரதிகள் தொடக்கத்திலேயே இடுப்புப் பருத்தவர்களாக இருந்ததைக் கண்டு, அதையும் 1956இல் எழுதினார். வித்தியாசம் முழுவதற்கும் அசைவே காரணம் என்று சொல்ல முடியாது என்பதை அவரே எடுத்துக் காட்டினார். அதன் பின்னர் வந்த எத்தனையோ ஆய்வுகள் நடையின் பக்கமே சாய்கின்றன.

10,000 அடி என்ற கணக்குக்கு வருவோம். அது மருத்துவ ஆய்வில் பிறந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானியோடு பரவிய எண் அது. அமெரிக்காவில் சராசரி வயது 72 ஆன பெண்களைத் தொடர்ந்து அவதானித்து 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களை விட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு வீதம் தெளிவாகக் குறைந்திருந்தது. அந்த நன்மை 7,500 அடிவரை கூடிச் சென்று, அதற்கு மேல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றது. இது அவதானிப்பு ஆய்வு. நோயில்லாதவர்கள் கூடுதலாக நடப்பதும் இயல்பு என்பதால், காரண காரியத்தை இதைக் கொண்டு மட்டும் நிறுவ முடியாது. எனினும், நாளுக்கு மூவாயிரத்தில் நிற்கும் ஒருவர் ஐந்தாயிரத்துக்குப் போவதே பெரிய காரியம் என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம். மகன் அனுப்பிய கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள்; முதல் கிழமை நடையைக் கூட்டாமல், வழக்கமான நாளில் எவ்வளவு நடக்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். அந்த எண்ணிக்கைக்கு மேல் ஆயிரம், பிறகு இன்னோர் ஆயிரம் என்று ஏறுவதுதான் உங்களுக்குரிய கணக்கு. பத்தாயிரத்தை எட்டாத நாளெல்லாம் தோற்ற நாள் என்று அந்தக் கடிகாரம் உங்களை எண்ண வைக்குமானால், அதைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிடுங்கள்.

உறுதிப்படாதவையும் பல உண்டு. முற்றத்தில் எட்டுப் போட்டு அதன்மேல் நடந்தால் சீனி, பிறசர், மூட்டுநோவு எல்லாம் தீரும் என்ற செய்தி கைத்தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நேராக நடப்பதை விட எட்டில் நடப்பது மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. திரும்பித் திரும்பி நடப்பது சமநிலைக்கு நல்ல பயிற்சியாக இருக்கக்கூடும், அவ்வளவே. அதிகாலை நடைக்குத்தான் பலன் அதிகம் என்பதும் முடிவான செய்தியல்ல. வெயிலை விட்டால், எந்த நேரத்தில் உங்களால் தொடர முடிகிறதோ அந்த நேரமே நல்லது. நடையால் மட்டும் நிறை பெரிதாகக் குறையும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். சோற்றின் அளவு மாறாமல் நடைமட்டும் கூடினால், தராசு முள் மெதுவாகத்தான் அசையும். அதைக் கண்டு மனம் விட்டு நடையை நிறுத்தியவர்கள் பலரைச் சந்தித்திருக்கிறேன். வெறுங்காலில் மண்ணில் நடந்தால் நோய் தீரும் என்று சொல்லப்படுவதையும் நான் ஏற்பதில்லை. அதிலும் சீனி உள்ள ஒருவர் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

இனி உங்கள் கடைசி வரி. உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கும் நேரத்தில் இனிமையாக உணர்ந்தவர்கள் பின்னாளிலும் அதைத் தொடர வாய்ப்பு அதிகம் என்பதை ஆய்வுகள் ஓரளவு உறுதியாகவே காட்டுகின்றன. செய்து முடித்தபின் வரும் திருப்தி அவ்வளவுக்கு உதவுவதாகத் தெரியவில்லை. நடக்கும் அந்த நேரம் எப்படி இருந்தது என்பதே முக்கியம். மூச்சு வாங்குமளவுக்கு வேகம் ஏறும்போது இனிமை சட்டென்று குறைகிறது என்பதும், தன் வேகத்தைத் தானே தீர்மானிப்பவர் கூடுதலாக இரசிக்கிறார் என்பதும் தெரிந்தவையே. நீங்கள் மூன்று தடவையும் முதல் நாளிலேயே அரைமணி நேரம், இயன்ற மட்டும் வேகமாக நடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். விட்டதற்கு உங்கள் சோம்பல் காரணமில்லை, அந்தத் தொடக்கமே காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு சுவையான முடிவும் உண்டு. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழக மாணவர்களில் சிலரை மரங்களும் நீரும் உள்ள அயற்பாதையிலும், வேறு சிலரை வளாகத்தின் சுரங்கப்பாதைகளிலும் நடக்க வைத்தார்கள். வெளியே நடந்தவர்கள் கூடுதல் மகிழ்ச்சி அடைந்தது வியப்பல்ல; அந்த மகிழ்ச்சி எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது உண்மையை விடக் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. இளைஞர்கள், குளிர்நாடு, ஒரேயொரு நடை. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆயினும் "அதில் என்ன இருக்கிறது?" என்று படலைக்கு உள்ளே நின்று கேட்பவரின் மதிப்பீடு குறைவாகவே இருக்கும் என்பதை என் கிளினிக்கிலும் கண்டிருக்கிறேன்.

ஒரே வழியில் நடப்பதால் அலுப்பு வரும் என்பது பொதுவான எண்ணம். என் அவதானம் இதற்கு மாறானது, இதை அனுபவம் என்ற அளவிலேயே சொல்கிறேன்: வழியை அடிக்கடி மாற்றியவர்களும், நடப்பதற்கென்று நகரத்து மைதானம் வரை மோட்டார் சைக்கிளில் போய் வந்தவர்களும் சீக்கிரம் விட்டார்கள், படலையைத் திறந்தவுடன் தொடங்கும் ஒரே வழியை வைத்துக்கொண்டவர்கள் நிலைத்தார்கள். ஆயத்தங்கள் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், நாள்தோறும் அதே வழியால் போகிறவருக்கு மட்டுமே தெரியும் மாற்றங்கள் சில இருக்கின்றன. மாரி தொடங்கி வேலியில் படரும் கார்த்திகைப்பூக் கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலை நுனியே சுருண்டு கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறும். இன்று பச்சையும் மஞ்சளுமாக விரியும் இதழ், அடிப்பக்கம் மஞ்சளாகவே இருக்க, நுனியிலிருந்து சிவந்து, சில நாட்களில் முழுவதும் செந்நிறமாகிவிடும். ஒருநாள் வந்து பார்ப்பவருக்கு அது சிவப்புப் பூ அல்லது மஞ்சட் பூ. ஒவ்வொரு நாளும் கடப்பவருக்கே அது நிறம் மாறும் பூ.

வாய்க்கால் வீதிக்கு நீங்கள் கொடுத்துவைத்தவர். கனகராயன் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீர் இரணைமடுவில் தங்கி, துருசு திறந்ததும் உங்கள் வாசல் வரை வருகிறது. துருசு திறந்த செய்தியை மற்றவர்கள் கேட்டறிவார்கள். காலையில் அந்தக் கட்டால் நடப்பவர் காய்ந்து கிடந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வருவதைத் தானே பார்ப்பார். காலபோகத்துக்கு உழும் நாட்களில் உழவு இயந்திரத்தின் பின்னால் உண்ணிக்கொக்குகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு நடக்கும். நாற்று உயர்ந்து நீர் நின்ற பின் நத்தைகுத்தி நாரைகள் வரும். மேலலகும் கீழலகும் நடுவில் பொருந்தாமல் இடைவெளி விட்டிருப்பதை, அவை பழகி நீங்கள் சற்று அருகே போகும் காலத்தில்தான் காண்பீர்கள். கதிர் முற்றும்போது வயலின் வாசனை மாறும், அறுவடை முடிந்தபின் வைக்கோலின் வாசனை இன்னொன்று. சோளகம் வீசும் மாதங்களில் காட்டோரம் இருக்கும் வீதிகளில் பாலைப்பழம் விழுந்து கிடக்கும். பொறுக்கித் தின்றால் உதடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். சீனி உள்ளவர் என்ற நினைவோடு இரண்டொன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆட்காட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. மாரி ஓய்ந்து நிலம் காய்ந்தபின், கிறவல் வீதியின் ஓரத்தில், கூடு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல், வெறுந்தரையில் சிறு கற்களுக்கு நடுவே அது முட்டை இடும். பெரும்பாலும் நான்கு முட்டைகள்; மண்ணிறத்தில் கரும்புள்ளிகளோடு கிடக்கும் அவற்றைக் காலடியில் இருந்தாலும் காண முடியாது. நீங்கள் கிட்டப் போகும்போது பறவை எழுந்து, தலைக்கு மேல் கத்திக் கத்தி வட்டமிடும். முட்டை பொரிக்க ஏறத்தாழ நான்கு கிழமை செல்லும். அத்தனை நாளும் அந்த இடத்தில் வீதியின் மற்றக் கரைக்கு ஒதுங்கி நடந்த ஒரு முதியவர், இருதய நோய்க்காக என்னிடம் வந்தவர், ஒரு நாள் தன் நெஞ்சைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குஞ்சுகள் நடக்கத் தொடங்கிவிட்டன என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நடையை விடமாட்டார் என்பது எனக்கு அன்று தெரிந்துவிட்டது.

மனிதர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காரணமில்லாமல் ஒருவர் வீதியால் நடந்தால், "எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்காத வீடு வன்னியில் இல்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "ஏறுங்கோ அக்கா, சந்தியிலை இறக்கிவிடுறன்" என்று அன்போடு வற்புறுத்துபவர்களும் உண்டு. நடையைக் கைவிட்ட பெண்கள் எனக்குச் சொல்லும் காரணங்களில் இந்தக் கூச்சத்துக்கே முதலிடம். கிளினிக்கில் நடக்கச் சொன்னார்கள் என்று ஒரு தடவை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒரு கிழமை கேட்பார்கள். அடுத்த கிழமை, தங்களுக்கும் சீனி என்று சொல்லி ஒருவராவது கூட வருவார். சேர்ந்து நடப்பவர்கள் கூடுதல் காலம் தொடர்கிறார்கள் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஆனால் கூட்டு வராத நாளில் தனியே நடக்கப் பழகிக்கொள்ளாவிட்டால், அவருடைய தடிமன் காய்ச்சலோடு உங்கள் நடையும் நின்றுவிடும்.

நடையை இன்பம் என்று நான் எல்லோரிடமும் சொல்வதில்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும். 2008இலும் 2009இலும் மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் கிழக்கு நோக்கி நடந்தவர்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். "நான் நடந்த நடை ஏழு பிறவிக்கும் காணும், தம்பி" என்று ஓர் அம்மா சொன்னால் அவரிடம் வழிகாட்டலைப் படித்துக் காட்டுவது முறையல்ல. அப்படிப்பட்டவர்களுக்கு வீதியைச் சொல்லாமல் வளவைச் சொல்கிறேன்: கிணற்றடியிலிருந்து தென்னைகளைச் சுற்றிப் படலை வரை, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் நான்கைந்து சுற்று. வளவுக்குள் நடந்தால் போதாதா என்ற உங்கள் கேள்விக்கும் இதுவே பதில்: உடலுக்குப் போதும். அதேபோல, கால் இழந்து செயற்கைக் காலோடு நடப்பவருக்கு அதே தூரத்தைக் கடக்க மற்றவர்களை விடக் கூடுதல் சக்தி செலவாகிறது. முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு இன்னும் அதிகம். அவருடைய கால்மணி நேரத்தை உங்கள் அரைமணி நேரத்தோடு ஒப்பிடக்கூடாது.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ-9 போன்ற பெருவீதியில் நடக்க வேண்டாம். நடைபாதை இல்லாத எந்த வீதியிலும் வலக்கரையால், எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடவுங்கள். மார்கழி, தை மாதங்களில் ஆறரை மணியளவில்தான் சூரியன் எழும். அதற்கு முன் இறங்குவதானால் வெளிர்நிற உடையும் டோர்ச் லைட்டும் வேண்டும். புடையன் பாம்பு இருட்டியபின் வரப்புகளிலும் வீதியோரப் புற்களிலும் கிடக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நாய் பாய்ந்து வந்தால் ஓடாதீர்கள், நின்று, அதன் கண்ணைப் பார்க்காமல் மெல்லப் பின்வாங்குங்கள். பல் பட்டுவிட்டால், சிறு கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே விசர்நாய்க்கடி ஊசிக்குப் போய்விடுங்கள். மாரியில், காலில் புண்ணோடு வயற்சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். யானை நடமாட்டம் உள்ள ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்தவர்கள் விடியற்புறத்தையும் பொழுதுபட்ட நேரத்தையும் தவிர்க்க வேண்டும். நடந்து பழகிய பாதையை விட்டுப் பற்றைக்குள்ளோ காட்டுக்குள்ளோ கால் வைக்க வேண்டாம். மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முடியாத நிலங்கள் வன்னியில் உண்டு, சிவப்பு எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் அந்தத் திசையே வேண்டாம்.

உங்கள் பாதங்கள்தான் நான் கூடுதலாகக் கவலைப்படும் விடயம். சீனி நீண்ட காலம் இருந்தால் பாதத்தின் உணர்ச்சி மெல்லக் குறையும். விடத்தல் முள் றப்பர் செருப்பைத் துளைத்து ஏறினாலும் சிலருக்குத் தெரிவதில்லை, புண்பட்டுச் சீழ் வைத்த பிறகே வருகிறார்கள். மூடிய சப்பாத்து ஒன்று வாங்குங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில் கடைக்குப் போய், விரல்கள் அசைய இடமிருக்கிறதா என்று போட்டு நடந்து பார்த்து வாங்க வேண்டும். காலுறை வெள்ளையாக இருந்தால் இரத்தம் கசிந்தது உடனே தெரியும். இரவில் உள்ளங்காலை ஒரு சிறு கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலினோ, சீனியை வேகமாக இறக்கும் குளிசைகளோ எடுப்பவரானால், சட்டைப்பையிலோ கைப்பையிலோ இரண்டு இனிப்பு இருக்கட்டும். வியர்த்து நடுங்கினால் இருந்து அதைச் சாப்பிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், அல்லது தாடைக்கும் இடக்கைக்கும் நோவு பரவினால், அது வெறும் களைப்பில்லை. நின்று, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நடந்தால் மட்டும் கெண்டைக்காலில் நோவு வந்து, நின்றால் போய்விடுமானால், காலின் இரத்தக்குழாய் ஒடுங்கியிருக்கக்கூடும். அதை அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

முழங்கால் நோவு நடையை நிறுத்தக் காரணம் அல்ல. தேய்மானம் உள்ள மூட்டுக்கும் அளவான பயிற்சியே முதற் சிகிச்சையாக இன்று பரிந்துரைக்கப்படுகிறது. நடந்த மறுநாளும் நோவு கூடியே இருந்தால் தூரத்தைக் குறைத்தால் போதும். குளக்கட்டில் ஏறுவதை விட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சுமை, ஆகவே செங்குத்தான பக்கத்தால் ஏறி, சரிவான பக்கத்தால் இறங்குங்கள். நடை தசையை முழுவதும் பலப்படுத்தாது என்பதால், கிழமைக்கு இரண்டு நாளாவது கையூன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழுந்து இருங்கள்.

ட்ரெட்மில் கெட்டதல்ல. காண்டாவன வெயிலிலும் விடாத அடைமழையிலும் அது உதவும்; மின்சாரம் இருந்தால் நடக்கலாம். ஆனால் வாங்கியவர்களின் வீடுகளில் அதன் கைப்பிடியில் துவாய் காய்வதைத்தான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். மகனிடம் நல்ல சப்பாத்துக்கும் டோர்ச் லைட்டுக்கும் மட்டும் பணம் கேளுங்கள். நாளை வாய்க்கால் மதகு வரை போய்த் திரும்புங்கள். 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஆசை வந்தாலும் கூட்ட வேண்டாம். இரண்டு கிழமை அப்படியே போகட்டும், பிறகு கிழமைக்கு ஐந்து நிமிடம் என்று ஏற்றுங்கள். நடந்த நேரத்தைக் கலண்டரில் குறித்து, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அதையும் கொண்டுபோங்கள். அதற்குள் சீனியும் பிறசரும் இறங்கியிருந்தால் மருந்தை வைத்தியர் பார்த்து மாற்றுவார். அவர் சொல்லும் வரை ஒரு குளிசையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.